சிறு அறையில் இசைத்தட்டு

தேவ்நாரில் ஒரு கூடமும் சமையலறையுமாக வாழ்கின்ற நம் போன்றோர், இசைத்தட்டுக் கருவியைச் சீர்படுத்த எண்ணியதும் முதலில் நாடுவது பெரிய ஒலிபெருக்கியைத்தான். அது வேண்டியதில்லை என்பது நம் கருத்து. பத்தடி அறையில் அதன் மந்தர ஒலி மூலைகளில் தேங்கி, மிருதங்கத்தின் தொப்பியைக் குழப்பிவிடும். சுவரைக் கடந்து அடுத்த வீட்டாருக்குச் செல்வதும் அவ்வொலியே!

முதற்செலவு ஊசிக்கு உரியது. தட்டின் வரிப்பள்ளம் தலைமயிரினும் நுண்ணியது. தேய்ந்த ஊசி அதன் சுவர்களைச் சீவிவிடும். 1963ஆம் ஆண்டில் வெளிவந்த எம். எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதத் தட்டு நம்மிடம் இருக்குமாயின், சீவப்பட்ட ஒலி அதில் மீண்டும் எழாது. சோர் பஜாரில் வேறொரு பிரதி கிடைக்கலாம். அதனை எந்த ஊசி உழுதிருக்கிறதோ, யார் அறிவார்? வைர ஊசியையும் ஏறத்தாழ 1,000 மணி நேரத்திற்குள் மாற்றிவிட வேண்டும். இக்கால ஊசிகள் பலவற்றுக்கு 1.5 முதல் 2 கிராம் வரை பாரம் போதும். அதனினும் குறைத்தால் தட்டு பிழைக்கும் என்று எண்ணுவோர் உளர். ஊசி துள்ளிப் பள்ளத்தைப் புண்படுத்துமேயன்றி வேறில்லை. பழைய 78 சுற்றுத் தட்டுகளின் பள்ளம் அகன்றது. அவற்றுக்குத் தனி ஊசி வேண்டும்.

சுழல்மேடையும் ஒலிபெருக்கியும் ஒரே அலமாரியில் நிற்கலாகாது. அதிர்ச்சி பலகை வழியே ஊசிக்குத் திரும்பி ஊளையாக வளரும். எதிர்ச்சுவரில் அறைந்த சிறு பலகையே சுழல்மேடைக்கு ஏற்ற இடம்.

தட்டுகளைக் கட்டிலின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தும் வழக்கத்தைப் பல வீடுகளில் காண்கிறோம். அவை வளைந்துபோகும், மழைக்காலத்தில் உறைகள் பூஞ்சையும் பிடிக்கும். வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் 13 அங்குல உயரமுள்ள ஒரு தட்டை ஒழித்துக்கொடுத்தால், நிமிர்ந்து நிற்க அவற்றுக்கு அதுவே போதும்.