பட்டியலில் இல்லாதவன்



நோர்வே என்றதும் நம்மில் பலருக்குச் சமாதானத் தூதர் எரிக் சொல்ஹெய்ம் நினைவுக்கு வருவார். இலங்கையில் 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்துக்கு நடுநின்ற நாடு அது. அந்த நாட்டுத் தீவிர வலதுசாரிகளைப் பற்றி இங்கே பேசுவானேன் என்று கேட்கலாம். குடுபல்லி, குப்பம் என்று ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் வட்டாரம் இது. 1991 டிசம்பரில் காவிரியைச் சொல்லி அங்கே தமிழரைத் தாக்கியதை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நமக்குத் தெரிந்த வெறி கூட்டமாக வரும், கோஷம் போட்டுக்கொண்டு வரும். நோர்வேயும் அப்படித்தான் நினைத்திருந்தது.

2001 ஜனவரி 26 இரவு, ஒஸ்லோவின் ஹோல்ம்லியா பகுதியில் பெஞ்சமின் ஹெர்மன்சன் என்ற 15 வயதுப் பையனைக் குத்திக் கொன்றார்கள். தந்தை கானா நாட்டவர், தாய் நோர்வேக்காரி. கொன்றவர்கள் 'பூட் பாய்ஸ்' என்ற நவநாஜிக் கும்பல். சுமார் 40,000 பேர் தீப்பந்தம் ஏந்தி ஊர்வலம் போனார்கள். கும்பல் கலகலத்துப் போயிற்று.

அதன்பின் குழுக்களைக் கண்காணித்தார்கள். தலைவன் யார், ஆள் எத்தனை? தீவிர வலதுசாரிகளால் பெரிய ஆபத்தில்லை என்று 2011க்கான மதிப்பீட்டில் பாதுகாப்புப் போலீஸ் எழுதியது. குழுக்களைப் பொறுத்தவரை கணக்கு தப்பில்லை. கணக்கில் வராதவன் ஜூலை 22 அன்று வந்தான்.

ஆண்டர்ஸ் பிரெய்விக் எந்த நாஜிக் குழுவிலும் ஆளாக இல்லை. இஸ்லாம் ஐரோப்பாவை விழுங்குகிறது என்ற இணைய எழுத்துகளை வெட்டி ஒட்டி, தன் சொந்தச் சரக்கையும் சேர்த்து, 1,500 பக்கம் தொகுத்தான். பண்ணையைக் குத்தகைக்கு எடுத்து, விவசாயி என்ற பெயரில் டன் கணக்கில் உரம் வாங்கினான். (நம்மூர் உரக்கடையில் கைரேகை வைக்காமல் ஒரு மூட்டை யூரியா வாங்கிப் பாருங்கள்!) ஒஸ்லோ அரசு வளாகத்தில் குண்டுக்கு 8 பேர் பலி. பிறகு போலீஸ் உடுப்பில் உத்தோயா தீவுக்குப் போய் 69 பேரைக் கொன்றான்.

அவர்களில் பெரும்பாலோர் தொழிற்கட்சியின் இளைஞர் முகாமுக்கு வந்த பிள்ளைகள். குடியேறிகளை வெறுத்தவன் மசூதியைத் தேடிப் போகவில்லை. அவர்களுக்கு இடம்கொடுத்த கட்சியின் அடுத்த தலைமுறையைத் தேடிப் போனான். இனத்தைக் காக்கப் புறப்பட்டவனின் முதல் எதிரி, கதவைத் திறந்துவிட்ட சொந்த இனத்தான். இந்தக் கணக்கு நோர்வேக்கு மட்டும் உரியதல்ல.

அந்த முகாமில் கம்சாயினி குணரத்தினமும் இருந்தார். 1988இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மூன்று வயதில் பெற்றோரோடு நோர்வே சேர்ந்தவர். ஏரியில் குதித்து நீந்தி உயிர்தப்பினார். 2015இல் ஒஸ்லோவின் துணை மேயர்; 2021இல் நாடாளுமன்ற உறுப்பினர்.

வழக்கில் முதல் மருத்துவ அறிக்கை அவனை மனநோயாளி என்றது. பைத்தியம் என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதிதான். இரண்டாம் அறிக்கை மறுத்தது. அவன் தெளிந்த புத்தியோடுதான் செய்தான் என்று 2012 ஆகஸ்ட் 24 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனை 21 ஆண்டு. ஆபத்து நீங்காவிட்டால் நீட்டிக்கலாம். குண்டு வெடித்த அந்த அரசு வளாகத் தெருவை மூடும் முடிவு முன்பே எடுக்கப்பட்டும் நிறைவேறவில்லை என்பதை விசாரணைக் குழு வெளிப்படுத்தியது.

2019 ஆகஸ்ட் 10 அன்று இன்னொருவன். மாற்றாந்தாய் சீனாவிலிருந்து தத்தெடுத்த மகளை, தன் சகோதரியாக வளர்ந்த 17 வயதுப் பெண்ணை, வீட்டிலேயே சுட்டுக் கொன்றான். பிறகு துப்பாக்கிகளோடு 'பேரும்' என்ற பகுதியின் மசூதிக்குள் புகுந்தான். அங்கிருந்த 65 வயது முகமது ரஃபீக், பாகிஸ்தான் விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்றவர், அவனைக் கீழே தள்ளி அமுக்கிப் பிடித்தார். அவனைப் பற்றி ஓராண்டு முன்பே பாதுகாப்புப் போலீசுக்குத் தகவல் போயிருந்தது. தாக்கப் போகிறான் என்பதற்கு அதில் அறிகுறி எதுவும் இல்லை என்றார்கள்.