கிறிஸ்துமஸ் சொற்களைக் கற்பித்தல்



ஆங்கிலத்தில் தேர்ந்த நம் பிள்ளைகளும் கிறிஸ்துமஸ் காலச் சொற்களில் இடறுவதைக் காண்கிறோம். அவர்கட்கு அகராதிப் பொருளோடு, சொல் பிறந்த கதையையும் நாம் கற்பித்தல் வேண்டும். டிசம்பர் 26ஆம் நாளாகிய 'பாக்சிங் டே', குத்துச்சண்டை நாளன்று. ஏவலர்க்கு அன்பளிப்புப் பெட்டி வழங்கிய பழைய பிரிட்டிஷ் வழக்கத்தால் வந்த பெயர். 'எக்ஸ்மஸ்' என எழுதுவோர் கிறிஸ்துவின் பெயரை நீக்கவில்லை. கிரேக்கத்தில் அப்பெயரின் முதலெழுத்தே அவ்வடிவினது. கருமியை 'ஸ்குரூஜ்' என்பது, 1843இல் டிக்கன்ஸ் வெளியிட்ட கதையினின்று பிறந்த வழக்கு. கதை முடிவில் ஸ்குரூஜ் மனந்திரும்பிக் கொடையாளி ஆகிறான். வழக்கோ பழைய கருமியையே நினைவில் வைத்துள்ளது. இதனை அறிந்த மாணவன், அச்சொல்லைப் பிறர்மீது வீசுமுன் சற்றே தயங்குவான். ஒரு திருநாளின் சொற்களைப் பொருளறிந்து வழங்குதல், அதனைக் கொண்டாடுவோர்க்கு நாம் அளிக்கும் மரியாதையாகும்.