மாப்பிள்ளை வெளிநாட்டுக்காரர்



இன்றைய பேச்சு ஒரு கல்யாணத்தைப் பற்றியது. பந்தல், மேளம், பந்தி இவற்றைப் பற்றி அல்ல. அதற்கு வேண்டிய காகிதங்களைப் பற்றி.

பெங்களூரில் ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அம்மா நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். கணவர் இல்லை. நாற்பது வயதைத் தாண்டித்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றார். மகள் நர்ஸ். அவளுக்கு இருபத்தாறு வயது.

அந்த ஊருக்கு ஒரு ஜெர்மன்காரர் வந்தார். தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்துகிற வேலை. கையில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டுப் போட்டவள் இந்தப் பெண். இருவருக்கும் பிடித்துப்போனது. வீட்டுக்கு வந்து பேசினார்கள். அம்மா ஒரு வாரம் யோசித்தார். பிறகு சரி என்றார்.

தாய்மாமனுக்கு அவசரம். "மூணு மாசத்துல அவர் வேலை முடிஞ்சு ஊருக்குப் போயிடுவார் அக்கா. கோயில்ல தாலி கட்டிடலாம். காகிதம் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். இந்து திருமணச் சட்டம் இருவருமே இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். உச்ச நீதிமன்றமும் 2008-இல் ஒரு வழக்கில் இதைச் சொன்னது. இந்து ஒருவரும் கிறிஸ்தவர் ஒருவரும் அந்தச் சட்டப்படி செய்துகொண்ட திருமணம் செல்லாது என்று தீர்ப்பு. இந்த மாப்பிள்ளை கிறிஸ்தவர். தாலி கட்டினால் ஊர் ஒப்புக்கொள்ளும். சட்டம் ஒப்புக்கொள்ளாது.

அப்படியானால் வழி? சிறப்புத் திருமணச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1954-இல் வந்தது. எந்த மதத்தவரும் எந்த மதத்தவரையும் மதம் மாறாமல் மணக்கலாம். ஒருவர் வெளிநாட்டவராக இருந்தாலும் மணக்கலாம். பெண்ணுக்கு 18 வயது, ஆணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஏற்கெனவே கணவனோ மனைவியோ இருக்கக் கூடாது.

முதலில் ரிஜிஸ்டர் ஆபீசில் அறிவிப்பு கொடுக்க வேண்டும். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்பை ஆபீஸ் பலகையில் ஒட்டுவார்கள். 30 நாள் பொறுக்க வேண்டும். சட்டப்படி தடை ஏதாவது இருந்தால் அதற்குள் யாரும் எழுதிக் கொடுக்கலாம். தடை வராவிட்டால் கல்யாணம். அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் முடிய வேண்டும். முடியாவிட்டால் அறிவிப்பு செத்துவிடும். மறுபடி முதலிலிருந்து.

இந்த 30 நாள் பலகையால் துன்பமும் உண்டு. சாதி விட்டு, மதம் விட்டு மணப்பவர்களைத் தேடி வந்து மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2021-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், மணமக்கள் எழுதிக் கேட்டால் மட்டும் அறிவிப்பை வெளியிட்டால் போதும் என்று சொன்னது. பெங்களூர் அந்த நீதிமன்றத்தின் எல்லையில் இல்லை. அங்கே பலகை பலகைதான்.

ஆனால் வேறு ஒன்றையும் நினைத்துப் பாருங்கள். 1991-இல் ஐதராபாத்திலிருந்து தில்லிக்குப் போன விமானத்தில் ஒரு சிறுமி அழுதுகொண்டிருந்தாள். பத்துப் பதினோரு வயது. பக்கத்தில் அறுபது வயது வெளிநாட்டவர். அவளைக் கல்யாணம் செய்து கூட்டிப்போகிறாராம். விமானப் பணிப்பெண் ஒருவர் கவனித்து விசாரித்ததால் குழந்தை தப்பியது. அவள் வயதையும் அவர் வயதையும் ஒரு மேசையில் வைத்து யாராவது பார்த்திருந்தால் அந்தச் சிறுமி விமானம் ஏறியிருப்பாளா?

சரி, குடும்பத்துக்கு வருவோம்.

அறிவிப்புப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அவர் மகளிடம் சொன்னார்: "ஒவ்வொரு கட்டத்துல என்ன இருக்குன்னு தமிழ்ல சொல்லு. அப்புறம் எழுதுங்க."

மகள் சொல்லிக்கொண்டே வந்தாள். பெயர். நிலை. தொழில். வயது. குடியிருக்கும் இடம்.

"நிலைன்னா என்ன கண்ணு?"

மகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். "கல்யாணம் ஆகாதவரா, மனைவியை இழந்தவரா, விவாகரத்து ஆனவரான்னு கேக்கறாங்க அம்மா."

"அவருக்கு என்ன போடணும்?"

"விவாகரத்து ஆனவர்."

அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. மகளுக்கு முன்பே தெரியும். அம்மாவிடம் சொல்லப் பயந்திருக்கிறாள். மாப்பிள்ளை எதையும் மறைக்க நினைக்கவில்லை. அம்மாவுக்கும் தெரியும் என்றே நினைத்திருந்தார். மறுநாள் தாமே வந்து அம்மா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மகள் தமிழில் சொன்னாள். அம்மா கேட்டது ஒரே கேள்வி: "விவாகரத்துக் காகிதம் எங்கே?"

காகிதம் இருந்தது. நீதிமன்றத் தீர்ப்பு. ஆனால் அதில் ஒரு குறை. ஜெர்மனியில் தீர்ப்பு வந்ததும் விவாகரத்து முடிந்துவிடாது. மேல்முறையீட்டுக்கு ஒரு மாதம் உண்டு. அது கழிந்த பிறகு, இந்தத் தீர்ப்பு இறுதியானது என்று நீதிமன்றம் ஒரு குறிப்பு எழுதி முத்திரை போட வேண்டும். அவர் கையில் இருந்தது முத்திரை இல்லாத தாள். அவசரப்பட்டுக் கோயிலில் மணமுடித்திருந்தால், அந்தப் பெண்ணின் கையில் என்ன இருந்திருக்கும்?

மனைவி இறந்தவர் என்றால் இறப்புச் சான்றிதழ் வேண்டும். இதுவும் விவாகரத்துத் தீர்ப்பைப் போலத்தான். வாயால் சொன்னால் போதாது.

அடுத்தது தடையில்லாச் சான்று. "இவர் எங்கள் நாட்டுச் சட்டப்படி கல்யாணம் செய்யலாம், தடை இல்லை" என்று அவர் நாடு தரும் தாள். வெளிநாட்டவரிடம் இங்கே இதைத்தான் முக்கியமாகக் கேட்பார்கள். கூடவே பாஸ்போர்ட், விசா, இங்கே தங்கியிருப்பதற்கு ஆதாரம். இந்தச் சான்று நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் இதைத் தருகிற அரசு அலுவலகமே இல்லை. அமெரிக்கர் இங்குள்ள தூதரகத்தில் உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஜெர்மனியில் அவரவர் ஊர்ப் பதிவு அலுவலகம் தருகிறது. ஆறு மாதம் செல்லும்.

அந்த ஜெர்மன் அலுவலகம் சும்மா தரவில்லை. பெண்ணின் காகிதங்களையும் கேட்டது. பிறப்புச் சான்றிதழ், கல்யாணம் ஆகாதவர் என்பதற்குச் சான்று, பாஸ்போர்ட், எல்லாவற்றுக்கும் ஜெர்மன் மொழிபெயர்ப்பு. இங்கே வந்தது பெரிய தொல்லை. பிறப்புச் சான்றிதழில் பெண்ணின் பெயர் ஒரு மாதிரி. பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து கூடுதல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது. நமக்கு இனிஷியல் ஓர் எழுத்து. அவர்களுக்கு அது ஒரு முழு ஆள். மூன்று தாளில் இருப்பதும் ஒரே பெண்தான் என்று நிரூபிக்க இரண்டு மாதம் அலைந்தார்கள்.

ஒரு நாட்டுக் காகிதத்தை இன்னொரு நாடு நம்புவதற்கு அப்போஸ்டில் என்று ஒரு முத்திரை உண்டு. இந்தியா 2005-இல் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. ஆனால் எல்லா நாடுகளும் நம்மை ஏற்றுக்கொள்ளவில்லை. அப்போது எதிர்ப்புத் தெரிவித்த நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று. ஆகவே எந்த முத்திரை வேண்டும் என்று அந்தந்த நாட்டுத் தூதரகத்தில் நேரே கேட்டுக்கொள்வதுதான் நல்லது. வாசலில் நிற்கும் தரகரிடம் கேட்டால் பணம் போகும்.

இதற்குள் மூன்று மாதம் முடிந்துவிட்டது. முதல் அறிவிப்பு காலாவதி. மாப்பிள்ளையின் வேலையும் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். தெருவில் பேச்சு கிளம்பியது. தாய்மாமன் நேராகவே சொன்னார்: "அவர் இனி வரமாட்டார் அக்கா. நீதான் கெடுத்தே." அம்மா பதில் சொல்லவில்லை. வேலைக்குப் போய் வந்தார். இரவில் மகள் ஜெர்மன் பாடம் படித்தாள். கணவனோடு ஜெர்மனியில் வாழ விசா கேட்கும் மனைவி, பொதுவாக அந்த மொழியில் ஓர் ஆரம்பத் தேர்வு எழுதியாக வேண்டும். 2007 முதல் இந்த விதி இருக்கிறது. மகள் எழுத்துக்கூட்டிப் படிப்பதை அம்மா பார்த்துக்கொண்டிருப்பார். தாம் படித்த நாட்கள் நினைவுக்கு வரும்.

ஏழாம் மாதம் அவர் வந்தார். இறுதி முத்திரை போட்ட தீர்ப்பும் தடையில்லாச் சான்றும் பையில் இருந்தன. புதிய அறிவிப்பு. மறுபடி 30 நாள்.

மாமன் இன்னொன்றும் கேட்டார். "கல்யாணம் ஆனா அவருக்கு நம்ம குடியுரிமை கிடைச்சிடுமா?" கிடைக்காது. ஏழு ஆண்டு இந்தியாவில் வாழ்ந்த பிறகே விண்ணப்பிக்கலாம். அவளுக்கும் அப்படித்தான், அங்கே உடனே கிடைக்காது. பெண் வெளிநாடு போய்த்தான் மணப்பது என்றால் அதற்கும் ஒரு சட்டம் உண்டு. 1969-இன் வெளிநாட்டுத் திருமணச் சட்டம். ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அதற்கென அதிகாரி உள்ள நம் தூதரகத்தில் மணக்கலாம். வயதும் அறிவிப்பும் இங்கே போலவே.

கல்யாண நாள் வந்தது. மூன்று சாட்சிகள் வேண்டும். அம்மா, தாய்மாமன், ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிற ஒரு தோழி. மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்ல வேண்டும். இருவருக்கும் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆங்கிலத்தில் சொன்னார்கள். அம்மாவுக்காக மகள் தமிழிலும் ஒருமுறை சொன்னாள்.

சான்றிதழ் எழுதி மேசைமேல் வைத்தார்கள். மகள் கையெழுத்துப் போடக் குனிந்தாள். "இரு கண்ணு" என்றார் அம்மா. மகளின் பாஸ்போர்ட்டை வாங்கிச் சான்றிதழின் பக்கத்தில் வைத்தார். ஆங்கிலம் தெரியாது. ஆனால் எழுத்தின் உருவம் தெரியும். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். அவள் பெயர் சரி. மாப்பிள்ளை பெயருக்கு அவருடைய பாஸ்போர்ட்டை வைத்துப் பார்த்தார். ஏழாவது எழுத்தில் விரல் நின்றது.

"சார், இங்கே ஒரு எழுத்து வேற மாதிரி இருக்கு."

எழுத்தர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அந்தத் தாளை எடுத்துவிட்டு வேறு தாள் எழுதினார். மறுபடி இரண்டு பாஸ்போர்ட்டையும் வைத்து அம்மா பார்த்து முடித்த பிறகுதான் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.