கரையேறுங்க, பிள்ளைகளா!

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

"பொதிகை மலை போன அனுபவத்தைப் பேசுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். சரி என்றேன். ஆனால் ஒரு உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மலையின் உச்சியை நான் இன்னும் பார்க்கவில்லை. பாதியில் திரும்பி வந்தவனுக்குப் பேச என்ன இருக்கு என்கிறீர்களா? திரும்பி வந்ததைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

2008, அக்டோபர் மாதம். சிவில் மூன்றாம் ஆண்டு. ஹாஸ்டலில் நாங்கள் நாலு பேர். ஒரு சனிக்கிழமை காலையில் பஸ் ஏறிக் காரையாறு போனோம். அப்போது அணைக்குள் படகு ஓடியது. பாணதீர்த்தம் வரை படகில் போய் எல்லோரும் குளித்துவிட்டுத் திரும்புவார்கள். நாங்கள் வீரர்கள் அல்லவா? யாரிடமும் கேட்கவில்லை. அருவிக்குப் பக்கத்துச் சரிவில் ஏறி, மேலே ஆற்றுக்குள் பாறை பாறையாகத் தாவிப் போனோம். நடு ஆற்றில் ஒரு பெரிய பாறை. அதில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

அப்போது கரையிலிருந்து ஒரு குரல். காணிக்காரப் பெரியவர் ஒருவர், தலையில் சுமையோடு நின்று கத்துகிறார். "கரையேறுங்க, பிள்ளைகளா! தண்ணி வருது!"

நாங்கள் சிரித்தோம். வெயில் அடிக்கிறது, தண்ணி எங்கிருந்து வரும்? அவர் மறுபடியும் கத்தினார். கீழே குனிந்து பார்த்தேன். கண்ணாடி போல இருந்த தண்ணீர் கலங்கியிருந்தது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. மூன்று பேர் தாவிக் கரைக்கு வந்துவிட்டோம். நாலாவது ஆள், செருப்பை எடுக்கத் திரும்பினான். அவ்வளவுதான். தாவி வந்த பாறைகளைக் காணோம்! ஆறு செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டு போகிறது. அவன் நடுப்பாறையில் தனியாக நிற்கிறான். கொஞ்ச தூரம் கீழே அருவி.

நான் இறங்கப் போனேன். பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். வயதான கை, ஆனால் இரும்புப் பிடி. "நீ இறங்கினா ரெண்டு பேரைத் தேடணும்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவனைப் பார்த்து, "உட்காரு, பாறையைப் பிடிச்சுக்கோ, எழும்பாதே" என்று மட்டும் சைகை காட்டினார். இரண்டரை மணி நேரம். தண்ணீர் அவன் காலைத் தொட்டது. அதற்கு மேல் ஏறவில்லை. பொழுது சாயும் நேரம் வடிந்ததும், கயிறு கட்டி அவனை அழைத்து வந்தார்கள். கடைசிப் படகு போய்விட்டது. அன்று ராத்திரி அவர்கள் குடியிருப்பில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் கட்டன்காப்பியும் தந்தார்கள். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அந்த நண்பன் இதோ, நாலாவது வரிசையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறான். அவன் வீட்டம்மாவுக்கு இந்தக் கதை இப்போதுதான் தெரிகிறது. மன்னிக்கணும், தங்கச்சி!

ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் நல்ல மார்க் வாங்கியவன் நான். அன்று எனக்குத் தெரியாதது அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருந்தது. நம் தாமிரபரணி பெரிய பொதிகையில் பூங்குளத்தில் பிறக்கிறது. புன்னைக்காயல் பக்கம் கடலில் சேர்வதற்குள் ஏறத்தாழ 125 கிலோமீட்டர். ஆனால் உயரத்தில் பெரும்பகுதியை, பாபநாசத்தில் சமதளத்தைத் தொடுவதற்குள்ளேயே இறங்கிவிடுகிறது. உச்சியில் மேகம் உடைந்தால் கீழே வெயிலில் நிற்பவனுக்குத் தெரியாது. சரிவான பாறையில் விழுந்த மழை ஓட்டமாக வந்து சேரும். அணைக்குக் கீழே இருப்பவர்களுக்கும் இதே கதைதான். மேலே ஷட்டரைத் திறந்தால், இங்கே மழை இல்லாமலே ஆறு ஏறும். ஆகவே தம்பிகளா, பேப்பரில் பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று போடுகிறார்களே, அன்றைக்கு எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துவிட்டுக் குளிக்கப் போங்கள்.

பிறகு வேலை, கல்யாணம், குழந்தை. 2020 ஜனவரியில்தான் பொதிகைக்குப் போனேன், இந்த முறை முறையாக. காரையாறு வழியாகப் பக்தர்கள் போய்வந்த நம் பக்கத்துப் பாதையில் இப்போது பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. களக்காட்டையும் முண்டந்துறையையும் இணைத்து 1988-ல் புலிகள் காப்பகம் ஆக்கிய காடு அது. எனக்கு அதில் வருத்தமில்லை. அந்தச் சோலைக்காடு மழையைப் பிடித்துவைத்து மெல்ல விடுவதால்தான் சித்திரை வெயிலிலும் நம் ஆற்றில் தண்ணீர் இருக்கிறது.

கேரளப் பக்கம் போணக்காட்டிலிருந்து ஆண்டுக்கு ஒரு பருவம் மட்டும் அனுமதிச்சீட்டோடு விடுகிறார்கள். 2019 முதல் பெண்களும் ஏறுகிறார்கள், தங்கைகள் கவனிக்க! முதல் நாள் அதிருமலை முகாம் வரை நடை. மறுநாள் விடியலில் உச்சிக்கு ஏற்றம். உயரம் 1,868 மீட்டர். கடைசியில் வழுக்குப் பாறை, கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தபோது மூடுபனி, சாரல், ஆளைத் தள்ளும் காற்று. வழிகாட்டி கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "மதி சாரே, இனி போகண்டா" என்றார். போதும், இனி வேண்டாம்.

பன்னிரண்டு வருஷ ஆசை ஒரு கயிறு தூரத்தில். கூட வந்த ஒருவர், "பார்த்துப் போயிடலாம்" என்று வாதாடினார். எனக்கு மணிக்கட்டில் அந்தப் பழைய பிடி தெரிந்தது. திரும்பி நடந்தேன்.

2023 டிசம்பரில் என்ன நடந்தது? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அப்போதும் கரையில் நின்று செல்போனில் படம் எடுத்த பிள்ளைகளைப் பார்த்தேன். 2008-ல் நாங்கள் எப்படி இருந்தோமோ அப்படியே இருந்தார்கள்.

காட்டுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் போங்கள். அனுமதியோடு போங்கள், அந்த மண்ணின் மனிதர்களைக் கேட்டுப் போங்கள். 'திரும்பு' என்றால் திரும்புங்கள். நம் குறுக்குத்துறைக் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. எத்தனையோ வெள்ளம் கண்ட கோயில். ஆனாலும் வெள்ளம் வருகிறது என்றால் உற்சவரை மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்துவிடுவார்கள். முருகனே கரையேறுகிறார்; நமக்கு என்ன வீம்பு?