பக்கவாதம்: கை திரும்ப வருமா?

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில், 'சி' பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட் ஆற்றிய உரை)

செயலாளர் கூப்பிட்டபோது முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். லிஃப்டில் நடந்த ஒரு பேச்சு தலைப்பை மாற்றிவிட்டது.

நம் வளாகத்தில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. நடந்துவிடுகிறார், வலது கைதான் சரியாக வரவில்லை. அவருடைய மகள் (அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன்), "ஆன்ட்டி, தலையில் காந்தம் வைத்துக் கையைச் சரிசெய்கிறார்களாம். நகையை அடகு வைத்தாவது கட்டிவிடலாமா?" என்று கேட்டார். எட்டாவது மாடி வருவதற்குள் பதில் சொல்லக்கூடிய கேள்வியா அது?

மண்டையைத் திறக்காமல் வெளியிலிருந்தே மூளையைத் தூண்டும் சிகிச்சை இது. இரண்டு வகை உண்டு. ஒன்று காந்த முறை, டி.எம்.எஸ். என்பார்கள். கம்பிச்சுருளைத் தலைமேல் வைப்பார்கள், 'டக் டக்' என்று சத்தம் வரும். கையை அசைக்கும் மூளைப்பகுதிக்கு மேல் சரியாக வைத்தால், நாம் நினைக்காமலே விரல் துள்ளும். 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆந்தனி பார்க்கர் குழுவினர் இதைச் செய்து காட்டினார்கள். இன்னொன்று டி.டி.சி.எஸ். ஈர ஸ்பாஞ்சு வழியாக 1 அல்லது 2 மில்லியாம்பியர் மின்சாரம், சுமார் 20 நிமிடம். லேசாக அரிக்கும்.

இதன் பின்னால் இருக்கும் யோசனை இதுதான். மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று அடக்கிவைக்கின்றன. ஒரு பாதி அடிபட்டால், நல்ல பாதியின் கை ஓங்கி, நலிந்ததை இன்னும் அமுக்கும். ஆகவே நல்ல பாதியை நொடிக்கு ஒரு துடிப்பு வீதம் கொடுத்து அடக்கலாம். அல்லது அடிபட்ட பாதியை வேகமான துடிப்புகளால் எழுப்பலாம். கேட்க அழகான கணக்கு. நானும் நம்பினேன்.

சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. பிறகு அமெரிக்காவில் 199 பேரிடம் பெரிய அளவில் சோதித்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்கு உண்மையான காந்தம், மற்றவர்களுக்குப் பொய்க் காந்தம். கைப்பயிற்சி மட்டும் எல்லோருக்கும் உண்டு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், நிஜக் காந்தம் வைத்தவர்களில் 100-க்கு 67 பேருக்குக் கை குறிப்பிடத்தக்க அளவு தேறியிருந்தது. பொய்க் காந்தம் வைத்தவர்களில்? 65 பேருக்கு! மின்சார முறையை 129 பேரிடம் சோதித்து 2025-இல் வெளிவந்த முடிவும் இதே கதைதான். பயிற்சியோடு மின்சாரத்தைச் சேர்த்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை.

இதைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. எனக்கோ அந்த 65-தான் நல்ல செய்தியாகப் படுகிறது. தானாகத் தேறியதும் அதில் இருக்கலாம். ஆனாலும் பக்கவாதம் வந்து மூன்று மாதம் தாண்டியவர்கள் அவர்கள். "ஆறு மாதம் ஆகிவிட்டால் இனி வராதம்மா" என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே ஒரு குடும்பத்திடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் பயிற்சியை அன்றோடு நிறுத்திவிட்டார்கள். அது இன்னும் என்னை உறுத்துகிறது.

காந்தச் சிகிச்சை ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் 2008-லேயே அனுமதி பெற்றது. கைக்கும் ஆராய்ச்சி நடக்கிறது. ஆராய்ச்சியில் சேரச் சொன்னால் யோசிக்கலாம். கடன் வாங்கிக் கட்டுவதற்கு இது இன்னும் தகுதி பெறவில்லை, அவ்வளவுதான். தலைக்குள் உலோக கிளிப், காதில் காக்ளியர் கருவி, பேஸ்மேக்கர், வலிப்பு இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது? மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது நிமிர்த்த முடிந்தவர்களுக்கு, நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு நலிந்த கையையே வேலை வாங்கும் முறை ஒன்று உண்டு. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரிடம் சோதித்து, பலன் தருவதாக 2006-இல் வெளியிட்டார்கள். நம்மவருக்கு விரல் சற்று நிமிர்கிறது, பார்த்துவிட்டேன். டம்ளரை எடுத்து வைப்பது, பட்டாணி உரிப்பது, துணி கிளிப் மாட்டுவது எல்லாம் வலது கையால்தான். எத்தனை முறை என்று நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். நடக்கும்போதும் மாடிப்படியிலும் உறை கூடாது, விழுந்தால் பிடிக்கக் கை வேண்டும். ஒரு வேண்டுகோள்: உதவுகிறேன் என்று நலிந்த கையைப் பிடித்து யாரும் இழுக்காதீர்கள். தோள் வலி வந்துவிட்டால் பயிற்சியே நின்றுபோகும்.

நகை பீரோவிலேயே இருக்கிறது. வாரம் மூன்று நாள் பிசியோதெரபிஸ்ட் வருகிறார். மாலை ஐந்து மணிக்கு அவர் கிளப் ஹவுஸில் வலது கையால் கேரம் ஆடுகிறார். ஸ்ட்ரைக்கர் பாதி தூரம்தான் போகிறது. பொறுமையாக எதிரில் உட்கார ஆள் வேண்டும். செவ்வாயும் வியாழனும் இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை.