வாலிபரும் மரியாதையும்



எமது வாலிபரிடத்தில் மரியாதை அருகிவிட்டதென்னும் முறைப்பாடு எங்கும் கேட்கின்றது. பேருந்திலே முதியோருக்கு இடங்கொடார். கூட்டத்திலே பிறரைப் பேசவிடார். வீட்டுக்கு வந்தவரை எழுந்து வரவேற்கார் என்கின்றோம். இவை உண்மையே, திருத்தப்படவேண்டியனவே. ஆயினும் இவற்றிலும் பெரிய குறையொன்றை நாம் குறையென்றே கொள்வதில்லை.

ஒழுக்கங் கற்பிக்கும் நூல்களுக்கு எம்மிடையே பஞ்சமில்லை. உண்ணும் முறையையும் பெரியோர்முன் இருக்கும் முறையையும் ஆசாரக்கோவை நூறு வெண்பாக்களில் வகுத்துரைக்கின்றது. வள்ளுவர் இனியவை கூறலுக்கும் பண்புடைமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதோடு, மாணாக்கருக்கெனப் பாலபாடங்களும் எழுதினார். ஆங்கிலத்தில் 'தாங்யூ' சொல்வதே பண்பாடெனக் கருதுவோரும் உளர், அவர்களை விட்டுவிடுவோம்.

யாழ்ப்பாணத்துப் பேச்சிலே 'நீங்கள்', 'நீர்', 'நீ' என மூன்று படிகள் உள. தமிழகத்தின் பல பகுதிகளில் வழக்கொழிந்த 'நீர்' இங்கு இன்றும் வாழ்கின்றது. இருபது வயது இளைஞன் தன் வயதொத்த உத்தியோகத்தரை 'நீங்கள்' என்கின்றான். பழக்கமில்லாத மாணவனை 'நீர்' என்கின்றான். தன் தோட்டத்திலே மண்வெட்டி பிடிக்கும் அறுபது வயது முதியவரையோ பெயர்சொல்லி 'நீ' என்று அழைக்கின்றான். அவனை மரியாதையில்லாதவன் என்று எவரும் சொல்வதில்லை. இப்பாடத்தை அவன் எந்தப் புத்தகத்திலும் படித்தானல்லன். தந்தையார் படலையில் நின்று பேசக் கேட்டே பயின்றான்.

பள்ளிக்கூடங்களும் ஒருகாலத்தில் இதனையே கற்பித்தன. சில பிள்ளைகள் வாங்கிலும் சில பிள்ளைகள் நிலத்திலும் இருந்தனர். அரசாங்க உதவிபெறும் பாடசாலைகளிலே சம ஆசனம் வழங்கவேண்டுமென 1929ஆம் ஆண்டளவிற் பணிக்கப்பட்டபோது எதிர்த்து நின்றோர் கல்லாதவர் மட்டுமல்லர். கற்றோரும் செல்வாக்குடையோரும் அவர்களுள் இருந்தனர். சம ஆசனமும் சமபந்தியும் வேண்டுமென்று நின்றவர்கள் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் இளைஞர்கள். அன்று மூத்தோருக்கு மரியாதை கற்பிக்க முயன்றவர்கள் வாலிபர்களே!

பின்னர் 1957ஆம் ஆண்டுச் சட்டம், கோயிலிலும் கடையிலும் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் படலையில் வழங்கும் 'நீ' என்னுஞ் சொல்லை எந்தச் சட்டம் தடுக்கும்? வழக்கறிஞர் தம் கட்சிக்காரரையும், வைத்தியர் கிராமத்து நோயாளியையும், கந்தோரில் இருப்பவர் மனுவோடு வந்தவரையும் எவ்வாறு விளிக்கின்றனர் என்பதை அருகில் நிற்கும் இளைஞன் கேட்டுக்கொண்டேயிருக்கின்றான்.

கமக்காரர் வீடுகளில் இதனைத் தொடங்குதல் எளிது. தோட்ட வேலைக்கு வருவோரை மதியத்தில் விறாந்தையிலே இருத்தி, வீட்டிற் புழங்கும் கோப்பைகளிலேயே எமது ஆண்பிள்ளைகள் பரிமாறட்டும். 'வாருங்கள், இருங்கள்' என்று சொல்லட்டும். அதைக் கேட்டு முகஞ்சுளிக்கும் மாமனார் ஒருவர் எவ்வீட்டிலும் இருப்பார். அவருக்கு விடைசொல்ல வேண்டியவர்கள் பிள்ளைகளல்லர், நாமே.