மழலையும் செவியும்

(செங்கற்பட்டில் நிகழ்ந்த சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தைக் காணாதார் நம்மிற் சிலரே. ஆங்கு ஆயன் பால் கறக்கப் பசுவானது தன் கன்றை நக்கி நிற்கின்றது. பசு நாவால் நக்கி அன்பு காட்டும். மானிடத் தாயோ நாவாற் பேசி அன்பு காட்டுவாள். அப்பேச்சே குழவிக்கு முதற் பள்ளிக்கூடமாம்.

அப்பள்ளி பிறக்குமுன்னரே தொடங்குகின்றது. கருவில் ஆறு திங்கள் நிரம்பிய அளவிலேயே செவி கேட்கும். பிறந்த சில நாட்களிலேயே குழவி தாயின் குரலைப் பிரித்தறியும் என 1980-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் காட்டினர். இரண்டு திங்களிற் கூவும். ஆறேழு திங்களிற் 'பபப', 'மமம' என அசையடுக்கும். ஓராண்டளவில் ஒரு சொல் சொல்லும். ஈராண்டில் இரு சொல் இணைக்கும். நம் முன்னோரும் இதனை உற்று நோக்கினர். பிள்ளைத்தமிழிற் 'தால்' ஒரு பருவம். தால் என்பது நா. 'செங்கீரை' என்பதிலுள்ள கீர் சொல்லைக் குறிக்கும் என்பாரும் உளர்.

அம்மா, அப்பா என்பன முதலிற் பிறத்தல் ஏன்? பகர மகரங்கள் இரண்டு உதடுகளும் கூடப் பிறக்கும் என்பது தொல்காப்பியப் பிறப்பியலால் அறியப்படும். உதட்டை மூடித் திறத்தல் குழவிக்கு எளிது. நாவை மேல்நோக்கி வளைக்கும் ழகரமோ அரிது. நம் பக்கத்திற் பெரியோரே 'வாயப்பயம்' என்பராயின், பிள்ளை ழகரத்தை யாண்டுக் கற்கும்? ஆங்கிலம் பேசும் இல்லத்துக் குழவிகள் ஆறு முதல் எட்டுத் திங்களில் இந்தியின் தகர டகர வேற்றுமையை உணர்ந்தன. ஓராண்டு நிரம்புதற்குள் அவ்வுணர்வு தேய்ந்தது. இது 1984-இல் வெளிவந்த ஆராய்ச்சி. பழகாத ஒலியைச் செவி கைவிடும் என்க.

இனி, எம் பிழையொன்றை மறையாது கூறுகின்றோம். சில ஆண்டுகட்கு முன் கடற்கரைக் குப்பத்துச் சிறுவன் ஒருவன் எம் வகுப்பிற் சேர்ந்தான். அழைத்தால் திரும்பான். மந்தன் எனக் கருதிக் கடைசி வரிசையில் அமர்த்தினோம். எம் முகம் நோக்கியபோது மட்டும் அவன் விடை கூறுதலைப் பன்னாள் கழித்தே கண்டோம். அவனுக்குச் செவி கேளாது! மருத்துவர்பால் அனுப்பியபோது அவன் ஆறு வயதைக் கடந்திருந்தான். "கைக்குழந்தையில் 'ஆ, ஊ' என்று சத்தமிட்டானே, ஐயா! பேச்சு மெதுவாக வரும் என்றல்லவோ நாவில் வசம்பு தடவினோம்" என்று அவன் தாய் அழுதாள்.

செவி கேளாக் குழவியும் தொடக்கத்திற் கூவும். பெற்றோர் ஏமாறுவது இதனாலேதான். அசையடுக்கும் பருவத்திலேயே வேற்றுமை புலனாகும். குறை செவியிலிருக்க நாவுக்கு மருந்திட்டுப் பயன் யாது? ஆதலின் முதல் திங்களுக்குள் செவிச் சோதனையும், மூன்றாந் திங்களுக்குள் உறுதியும், ஆறாந் திங்களுக்குள் சிகிச்சையும் வேண்டும் என்பர் மருத்துவர். செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு அண்மையிலேயே உள்ளது. சைகை மொழியும் மொழியே. அதனை இழிவென எண்ணற்க.

செவி நன்குடைய குழவிக்கோ கைப்பேசியைத் தந்து வாளா இருத்தல் தகாது. ஓராண்டு நிரம்பாத குழவிக்குத் திரை கூடவே கூடாதென உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவித்தது. குழவி கூவினால் திரை மறுமொழி கூறாது, தாய் கூறுவாள். நீராட்டும்போதும் சோறூட்டும்போதும் பேசுங்கள். கடற்கரையில் அலை, வலை, நண்டு, கட்டுமரம் எனச் சுட்டிக்காட்டிச் சொல்லுங்கள்.

அங்கத்தினர்களுக்கு ஒரு விண்ணப்பம்: நம் தெருவிற் பிள்ளை பிறந்த வீட்டிற்குச் சென்றால், "செவிச் சோதனை ஆயிற்றா, அம்மா?" என ஒரு வார்த்தை கேளுங்கள். எம் வகுப்பில் அச்சிறுவன் இழந்த நாட்களை இனியொரு பிள்ளை இழத்தல் வேண்டா.